தனுஷ்கோடியில் நண்டுதின்னி தேடிப் போனோம்: மணல் திட்டில் நின்றது எது?

மணல்திட்டு:
நண்டுதின்னியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இந்தக் குளிர்காலம் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்தவன் என் மச்சினன். கிராப் ப்ளோவர் என்று பட்டியலில் இருக்குமே, அதுதான். தை அமாவாசை அன்றே போகலாம், நீர் நன்றாக வற்றும் என்றான். வற்றும்தான், ஆனால் அன்றைக்கு அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது, தர்ப்பணம் முடித்த வண்டி எல்லாம் அடுத்து தனுஷ்கோடி நுனியில் உள்ள அரிச்சல்முனைக்குத்தான் வரும். அதனால் இரண்டு நாள் தள்ளிப் போனோம். உவா (அமாவாசை, பௌர்ணமி) கழிந்து ஓரிரு நாள் வரைக்கும் வற்றம் நன்றாகவே இருக்கும், கூட்டமும் ஊர் திரும்பியிருக்கும்.

விடியுமுன் ராமேசுவரத்தில் கிளம்பி, முகுந்தராயர் சத்திரத்தில் வெளிச்சம் வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர். 2017இல் சாலை திறப்பதற்கு முன்பு மணலில் வேன் பிடித்துக் குலுங்கிக்கொண்டு போனவர்களுக்கு அந்தத் தூரம் என்னவென்று தெரியும், இப்போது டீ ஆறுவதற்குள் போய்விடலாம்.

முதலில் தென்கடல் பக்கம். சாண்டர்லிங் என்ற சின்னக் கரைப்பறவைகள் அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடுவதும் அடுத்த அலைக்குத் திரும்பி ஓடிவருவதுமாக இருந்தன. கல்திருப்பி உள்ளான் இரண்டு, பத்தடிக்குள் வந்தன, நாங்கள் மணலில் அசையாமல் உட்கார்ந்துவிட்டோம். கரை ஒதுங்கிய கடற்புல் குவியலில் ஒன்று அலகை அடியில் நுழைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டி, தன் உடம்பு அகலத்துக்கு ஒரு கட்டியைப் புரட்டிப் போட்டது. அடியிலிருந்து மணல் பூச்சிகள் தெறித்து ஓட, அது எதையும் துரத்தாமல் நின்ற இடத்திலேயே நாலைந்தைப் பொறுக்கிவிட்டு அடுத்த கட்டிக்குப் போனது. மச்சினன் இதைப் படம் எடுக்கவில்லை. அவனுக்கு அன்றைக்கு ஒரே பறவைதான்.

அப்புறம் பழைய தேவாலய இடிபாட்டைத் தாண்டி வடகடல் பக்கம் இறங்கினோம். நீர் நன்றாக உள்வாங்கிக் கிடந்தது. மணல் உள்ளான்கள் ஏராளம், பட்டைவால் மூக்கன்கள், குதிரைமலைக் கோட்டான் (ஆந்தை அல்ல, கர்லூ) ஒன்று, பெரிய சிவப்பு அலகு ஆலா மூன்று, கடற்கரைக் கொக்கு. ஒன்பதரை வாக்கில் கானல் ஆடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் தூரத்து மணல் திட்டின் நுனியில், அறுநூறு எழுநூறு மீட்டர் இருக்கும், வெள்ளையாகப் பத்துப் பதினொரு உருவங்கள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தோம். முதுகில் கறுப்பு. தலை தோளுக்குள் புதைந்திருந்தது. கால் நீளம். அலகு கனமாகத் தெரிந்தது என்று அவன் சத்தியம் செய்கிறான், எனக்கு அலகு தெரிந்தது என்பதோடு சரி. இடையில் தண்ணீர், கிட்டே போக வழியில்லை, போகவும் விரும்பவில்லை. இருபது நிமிடம் பார்த்தோம். ஒரு கரைவலைக்காரர் குழு சத்தம் போட்டுக்கொண்டு வந்ததும் ஒன்று மட்டும் எழுந்து சின்னதாக ஒரு வட்டம் அடித்து மறுபடியும் அதே இடத்தில் இறங்கியது.

ஸ்கோப்பில் (காலில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) மொபைலை வைத்து எடுத்த படம் இரண்டு போட்டிருக்கிறேன். கேவலமான படம்தான். என்ன சொல்கிறீர்கள்?

கடற்காகப்பித்தன்:
படத்தைப் பார்த்தேன். பெரிய கடற்காகம் (சீகல்) என்றுதான் முதலில் தோன்றியது. கானலில் கால் நீளமாகத் தெரிவது சகஜம், உருவத்தையே மேலும் கீழுமாக இழுத்துவிடும். முதுகு கருத்த கடற்காகம் ஓய்வாக நிற்கும்போது தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டுதான் நிற்கும். நண்டுதின்னி வேண்டும் என்று மனசு வைத்துப் போகிற அன்றைக்கு எல்லாக் கடற்காகமும் நண்டுதின்னிதான்.

இரண்டு கேள்வி. ஒன்று, நடந்தனவா, நடந்திருந்தால் எப்படி நடந்தன? இரண்டு, பக்கத்தில் அளவு ஒப்பிட வேறு பறவை நின்றதா?

செங்கால்:
கடற்காகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நண்டுதின்னி என்றும் உடனே சொல்லமாட்டேன். கோணமூக்கு உள்ளானை (அவோசெட்) ஏன் யாரும் யோசிக்கவில்லை? தூத்துக்குடி உப்பளத்தில் குளிர்காலத்தில் கூட்டமாகப் பார்ப்போம். அதுவும் கறுப்பு வெள்ளைதான், அதற்கும் கால் நீலச்சாம்பல்தான், அதுவும் நெருக்கியடித்துத்தான் நிற்கும். அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு நின்றால் மேல்நோக்கி வளைந்த அந்த ஊசி அலகு எங்கே தெரியப்போகிறது.

தலையைத்தான் பார்க்கவேண்டும் தம்பி. கோணமூக்கனுக்கு உச்சந்தலையிலிருந்து பிடரி வரைக்கும் கறுப்பு இறங்கும். நண்டுதின்னிக்குத் தலை முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கறுப்பு. குஞ்சுப் பறவையாக இருந்தால் உச்சியில் சாம்பல் கோடுகள் இருக்கும், அது வேறு குழப்பம்.

மணல்திட்டு:
பித்தன் அண்ணே, நடந்தன. கூட்டத்தில் இரண்டு மட்டும் ஓரமாக இரை தேடின. நாலைந்து எட்டு வேகமாக ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கடற்காகம் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒப்பிட ஒரு பட்டைவால் மூக்கன் பக்கத்தில் நின்றது, உயரம் கிட்டத்தட்ட அதுதான், உடம்பு அதைவிடக் கனம்.

செங்கால் அக்கா, தலை வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் பிடரியை நான் பார்க்கவில்லை, எல்லாம் எங்களைப் பார்த்து நின்றன.

செங்கால்:
ஓடி நின்று கொத்துவது நல்ல குறிப்பு. கோணமூக்கன் அப்படிச் செய்யாது, தண்ணீரில் இறங்கி அலகை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். ஆனால் இரை தேடிய இரண்டும் கூட்டத்தில் நின்றவையும் ஒரே இனம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கடற்கரையில் எல்லாம் கலந்துதான் நிற்கும்.

வாடைக்காற்று:
பறவையைப் பற்றி அக்காவும் பித்தனும் பார்த்துக்கொள்வார்கள், நான் நீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து பத்துப் பேர் இதைப் படித்துவிட்டுக் கிளம்புவீர்கள்.

நம் பக்கம் ஏற்ற வற்றம் ரொம்பக் குறைவு, ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்தில் கட்ச் வளைகுடாவில் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு இங்கே அதே கணக்கைப் போடாதீர்கள். இங்கே அமாவாசை பௌர்ணமி பாதி, காற்று மீதி. வாடை பலமாக அடித்தால் வடகடல் நீர் அப்படியே தீவுக் கரைப்பக்கம் தள்ளப்பட்டு நிற்கும், வற்ற நேரத்திலும் திட்டு மேலே வராது. காற்று தணிந்த நாளில் அதே வற்றத்தில் இரண்டு மடங்கு நிலம் வெளியே வரும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் கிழக்குக் கரை முழுக்கவே கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், தை மாசிக்கு மேல்தான் இறங்கும். நவம்பரில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

முழு வற்றத்தில் போய் நிற்காதீர்கள். அப்போது பறவை எல்லாம் பரந்து தூரத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும். நீர் ஏறத் தொடங்கும்போது திட்டு சுருங்கும், பறவைகளும் ஒதுங்கி ஒதுங்கி ஒரே இடத்தில் சேரும். நீங்கள் முன்கூட்டியே கரையில் உட்கார்ந்திருந்தால் அவையே உங்கள் பக்கம் வரும். வெயிலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஒன்பது மணிக்கு மேல் கானலில் நண்டுதின்னி தேடுவது வீண்.

புதுமுகம்:
அண்ணன்மாரே அக்காமாரே, நான் போன மாதம்தான் பைனாகுலர் வாங்கினேன். இந்தப் பறவைக்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்? அழிகிற இனமா?

உள்ளான்கணக்கு:
அழிகிற இனம் இல்லை. உலகத்தில் பல ஆயிரங்கள் இருக்கின்றன, அழியும் ஆபத்தைப் பார்த்து உயிரினங்களை வகைப்படுத்தும் செம்பட்டியலில் கவலையில்லாத வகையில்தான் வைத்திருக்கிறார்கள். நமக்குத்தான் அரிது. ஈரான், ஓமன், குவைத், செங்கடல் ஓரம், சோமாலியா ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் கூடு வைக்கும். குளிர்காலத்தில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகும், ஒரு பகுதி கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, மன்னார் வளைகுடா, இலங்கை, அந்தமான் என்று சிதறும். நம் பங்குக்கு வருவது சொற்பம், அதுவும் ஆள் போகாத மணல் திட்டுகளாகப் பார்த்து நிற்கும்.

அமர்க்களத்துக்குக் காரணம் வேறு. அந்தப் பறவைக்குக் குடும்பம் என்று வேறு யாரும் கிடையாது, டிரோமாடிடே என்ற குடும்பத்தில் அது ஒன்றே ஒன்றுதான். உள்ளான் என்று நாம் சொன்னாலும் மற்ற உள்ளான்களோடு சேர்க்க முடியாத தனி ஆள். உள்ளான் வகையறா பெரும்பாலும் தரையில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும், புள்ளி போட்ட, மண் நிற முட்டை. இது மணலுக்குள் ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் வளை தோண்டி உள்ளே போய் முட்டை இடுகிறது. ஒரே முட்டை, வெள்ளை வெளேர் என்று, உடம்புக்கு ரொம்பப் பெரியது. இருட்டு வளைக்குள் யாருக்கு மறைக்கவேண்டும், அதனால் புள்ளியே இல்லை. சித்திரை வைகாசி வெயிலில் அந்தத் தீவுகளின் மணல் கொதிக்கும், அந்தச் சூட்டிலேயே முட்டை பெரும்பாலும் அடைபடுகிறது, தாய் உட்கார்ந்து அடைகாக்க வேண்டிய வேலை குறைவு. கூட்டம் கூட்டமாக ஒரே திட்டில் வளை வைக்கும், மேலே நடந்தால் நம் கால் உள்ளே போய்விடும்.

அலகைப் பார்த்தாலே தெரியும், உள்ளானுக்கு அப்படி ஓர் அலகு தேவையே இல்லை, நண்டு ஓட்டை உடைக்கத்தான் அது.

மன்னார்க்காரன்:
வணக்கம் உறவுகளே. நான் இந்தக் கரையில், தலைமன்னாரில இருந்து எழுதுறன். எங்களுக்கு அது அவ்வளவு அரிதான ஆள் இல்லை, மன்னார்த் தீவுக்கும் ஆதம் பாலத்து மணல் திட்டுகளுக்கும் வாறதுதான். வங்காலைப் பக்கம் பறவை பார்க்க வாற வெளிநாட்டுக்காரர் பாதிப் பேர் முதலில கேக்கிறதே இதைத்தான். வங்காலை 2010இல் ராம்சர் இடமாகிவிட்டது (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) தெரிந்திருக்கும்.

நான் ஒரு விசயம் சொல்லுறன், புத்தகத்தில அடையாளம் பார்க்கிறவை இதைக் கவனிக்கிறதில்லை. மாசியிலயும் குஞ்சு தாயைத் துரத்திக்கொண்டு திரியும். குஞ்சு எண்டாலும் உருவத்தில தாயளவுதான், பறந்து கடல் தாண்டி வந்த பிள்ளை, ஆனாலும் தலையைத் தாழ்த்தி, முதுகைக் கூனிக்கொண்டு கத்திக் கத்திச் சாப்பாடு கேக்கும். தாயும் நண்டைப் பிடித்துக் காலைக் கழற்றிக் குடுக்கும். வேற உள்ளான் எதுவும் இப்பிடிக் குளிர்காலம் முழுக்கப் பிள்ளை வளர்த்துக்கொண்டு இருக்காது. அந்தச் சத்தம் ஒருக்காக் கேட்டால் கானல் கீனல் எதுவும் பிரச்சினை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தம்பி, சத்தம் ஏதும் கேட்டதோ?

மணல்திட்டு:
இல்லை அண்ணா. காற்றும் கரைவலைக்காரர்களின் அம்பாப் பாட்டும்தான் கேட்டது. அறுநூறு மீட்டருக்கு அது வந்து சேருமா என்பதும் தெரியவில்லை.

மன்னார்க்காரன்:
எதிர்க்காற்றெண்டால் வராதுதான்.

நீளலென்ஸ்:
இவ்வளவு பேச்சு எதற்கு? திட்டு எங்கே என்று மேப்பில் புள்ளி வைத்து அனுப்புங்கள், வருகிற ஞாயிறு 600 எம்எம் லென்ஸ் கொண்டுபோய்த் தெளிவாக எடுத்துப் போட்டுவிடுகிறேன். பாம்பனில் தெரிந்த படகுக்காரர் இருக்கிறார், திட்டுக்கே கொண்டுபோய் விடுவார். மணாலித் தீவுப் பக்கம் கட்டாயம் இருக்கும் என்று அவரே சொல்கிறார்.

நெறியாளர்:
நீளலென்ஸ், இதை எத்தனை முறை எழுதுவது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. வனத்துறை தானே நடத்தும் படகுச் சுற்றுலா வேறு, தெரிந்த படகுக்காரர் வேறு. மாட்டினால் உங்களுக்கு அபராதம், அந்த மனிதருக்குப் பிழைப்பே போகும். தனுஷ்கோடியிலும் 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள், ஐந்நூறு எக்டேருக்கு மேல். எல்லைக்குள் எங்கே நிற்கலாம் எங்கே கூடாது என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம். மேப் புள்ளி இந்த இழையில் வராது, வந்தால் நீக்குவேன்.

நீளலென்ஸ்:
சரி, படகை விடுங்கள். ஆனால் இந்தப் புள்ளி ரகசியம் எனக்குப் புரியவில்லை. பொதுக் கடற்கரை, அரசாங்கச் சாலை, தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட வருகிறார்கள். அவர்களால் வராத தொந்தரவு என் ஒருத்தன் கேமராவால் வந்துவிடுமா? பத்து வருடம் முன்னால் வந்த நாலு பேர் மட்டும் எல்லா இடத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவனுக்குச் சொல்லாமல் இருப்பது சங்கத்தாரின் தடித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வாடைக்காற்று:
பாதி நியாயம் இருக்கிறது. ஐஸ்கிரீம் கூட்டம் தார்ச்சாலையைவிட்டு இறங்காது, முனையில் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடும், பறவைகளுக்கும் அது பழகிவிட்டது. திட்டை நோக்கி நேராக நடந்து வருவது நாம்தான். பாதி பேரிடம் நீள லென்ஸ் இருந்தும் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போவார்கள். பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அதுதான் எல்லை, அதற்கு மேல் ஓரடி வைத்தால் எழுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏற்ற நேரத்தில் எழுப்பினால் அதற்கு இறங்க வேறு இடமும் கிடையாது, இருக்கிற ஒரே காய்ந்த இடம் அந்தத் திட்டுதான். பங்குனியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக் கொழுப்பு சேர்க்கிற நேரம் வேறு.

புள்ளி கேட்காதீர்கள், நேரமும் காற்றும் கேளுங்கள், அதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்கிறேன். மேலே சொல்லியும் இருக்கிறேன். திட்டு மாசத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறது, உங்கள் புள்ளி அடுத்த உவாவுக்குக் கடலுக்குள் கிடக்கும்.

கரைவலைப்பேரன்:
நான் பறவை பார்க்கிற ஆள் இல்லை, கூகுளில் ஊர்ப் பெயர் தேடி இங்கே வந்து சேர்ந்தேன். எங்க தாத்தா 64 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் குடியிருந்தவர், டிசம்பர் 22 ராத்திரி எல்லாம் போன பிறகு ராமேசுவரம் வந்து, அப்புறம் மறுபடி கரைவலைக்கு அங்கேயே போனவர். நாங்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வோம். நீங்கள் கேட்கிற கறுப்பு வெள்ளைப் பறவை பெண் கடல் பக்கத்துத் திட்டில் நிற்கும், ராத்திரியிலும் மேயும். நிலா வெளிச்சத்தில் வலை வளைக்கும்போது ஓடி ஓடி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் ஆட்கள் யாரும் அதை ஒன்றும் செய்ய மாட்டார்கள், வலை இழுக்கும்போது கழிவு மீனுக்குக் கடற்காகமும் செம்பருந்தும் வரும், இது வராது. நண்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

எங்க ஆட்கள் சத்தம் போட்டதால் பறவை எழுந்தது என்று மேலே எழுதியிருக்கிறார். அம்பா பாடாமல் வலை இழுக்க முடியாது அண்ணே.

மணல்திட்டு:
ஐயோ, குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒன்று எழுந்ததால்தான் இன்றைக்கு இந்த இழையே ஓடுகிறது. உங்கள் ஆட்களுக்கு நான்தான் டீ வாங்கித் தரவேண்டும்.

உள்ளான்கணக்கு:
ராத்திரி மேய்வது சரிதான், அந்தப் பெரிய கண் அதற்குத்தான். அந்தியிலும் இரவிலும் நிறைய இரை தேடும் என்று படித்திருக்கிறேன். பகலில் சும்மா கூனிக்கொண்டு நிற்கிற கூட்டத்தையே நாம் அதிகம் பார்ப்பதற்கும் அதுதான் காரணம்.

கடற்காகப்பித்தன்:
எழுந்த பறவைக்கு வருவோம். அதை யாராவது வீடியோ எடுத்தீர்களா? நின்ற படத்தை வைத்து நாம் ஆறு மாதம் சண்டை போடலாம். பறக்கும்போது சிறகின் பின்விளிம்பைக் காட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏன் என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கோணமூக்கன் பறந்தால் மேல்சிறகில் கறுப்புப் பட்டைகள் இருக்கும், நுனி கறுப்பு, ஆனால் உடம்பை ஒட்டிய பின்விளிம்பு வெள்ளை. முதுகு கருத்த கடற்காகத்துக்கும் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். சிப்பி பிடிப்பானுக்குச் சிறகு நடுவில் அகலமாக வெள்ளைப் பட்டை, தலை முழுக்கக் கறுப்பு, அதனால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை. நண்டுதின்னிக்கு மட்டும் சிறகின் முன்பாதி வெள்ளை, பின்பாதி உடம்பு வரைக்கும் கறுப்பு. கானல் உருவத்தைக் கோணலாக்கும், பின்விளிம்புக் கறுப்பை வெள்ளையாக்காது.

மணல்திட்டு:
மச்சினன் மொபைலில் இருக்கிறது. பதினாலு வினாடி வீடியோ, அதில் பறப்பது மூன்று வினாடி. ஸ்கோப் ஆடுகிறது, பின்னணியில் அவன் கத்துவதும் இருக்கிறது, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஏற்றிவிட்டேன்.

செங்கால்:
வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திரும்பும் இடத்தில் மேல்சிறகு இரண்டு தடவை காட்டுகிறது. பின்விளிம்பு உடம்பை ஒட்டியும் கறுப்புதான். வால் வெளிறியிருக்கிறது, கால் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. கோணமூக்கன் என்று நான் எழுப்பிய சந்தேகம் இந்த ஒரு பறவையைப் பொறுத்தவரை தீர்ந்தது.

கடற்காகப்பித்தன்:
எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. பறந்த பறவை நண்டுதின்னி. கால் நீட்டல் கடற்காகத்தை முழுசாக வெளியேற்றிவிடுகிறது. வாழ்த்துகள், மச்சினரிடமும் சொல்லுங்கள்.

ஆனால் இ-பேர்ட் பறவைப் பதிவுத் தளத்தில் பதினொன்று என்று போட்டுவிடாதீர்கள். தீர்ப்பு ஒன்றுக்குத்தான்.

நீளலென்ஸ்:
இது என்ன அநியாயம்! ஒன்று எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்கிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே கூனல். மீதிப் பத்தும் கோணமூக்கனா? மாறுவேடப் போட்டியா நடக்கிறது?

கடற்காகப்பித்தன்:
பத்தும் நண்டுதின்னியாகவே இருக்கலாம், நானே பந்தயம் கட்டுவேன். பந்தயம் வேறு, பதிவு வேறு. இந்தத் தரவை நாளைக்கு யாரோ எடுத்து இத்தனை வருடத்தில் இத்தனை வந்தன என்று கணக்குப் போடுவார்கள். கோடியக்கரையில் 80களில் கரண்டிமூக்கு உள்ளான் பதிவானதை இன்றைக்கும் நாம் மதித்துப் பேசுகிறோம் என்றால், அன்றைக்கு எழுதினவர்கள் பார்த்ததை மட்டும் எழுதினார்கள் என்ற நம்பிக்கையில்தான். அலகு சிறகுக்குள் போய்விட்டால் கொசு உள்ளானுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமா? அவர்கள் ஊகத்தை எழுதியிருந்தால் இன்றைக்கு அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உள்ளான்கணக்கு:
நடுவழி ஒன்று இருக்கிறது. இரை தேடிய இரண்டையும் ஓட்டத்தை வைத்து ஏற்கலாம் என்பது என் கருத்து, ஆனால் அவற்றில் ஒன்றுதான் பறந்ததோ என்னவோ. அப்படியானால் அதே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

மணல்திட்டு:
பறந்தது கூட்டத்தில் நின்ற ஒன்று, இரை தேடியவற்றில் இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் நான் அந்த இரண்டைத்தான் ஸ்கோப்பில் பிடித்து வைத்திருந்தேன், மச்சினன்தான் என்னை விலக்கிவிட்டு அதைப் பிடித்தான்.

ஆனாலும் பித்தன் அண்ணன் சொல்வதுபோல் நண்டுதின்னி ஒன்று என்றும், மீதியைக் கடற்கரைப் பறவை, இனம் தெரியவில்லை என்றும் போட்டிருக்கிறேன். குறிப்பில் ஓட்டம், பட்டைவால் மூக்கனோடு ஒப்பிட்ட உயரம், காற்று, கானல் எல்லாம் எழுதி வீடியோவையும் இணைத்துவிட்டேன். மச்சினன் இதைப் படித்துவிட்டு நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, அவன் கணக்கில் பதினொன்று. அவன் அக்கா வழியாகத்தான் சேதி வருகிறது.

திரும்பும்போது கோதண்டராமர் கோயில் பக்கத்து நீரில் பூநாரைகளைப் பார்த்தோம், அதைப் பற்றி எழுத நேரமே கிடைக்கவில்லை. நல்ல கூட்டம், இளம் பறவைகள் நிறைய, இன்னும் சாம்பல் நிறமாகவே இருக்கின்றன. பூநாரை பார்க்க வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம், அதற்குப் புள்ளியும் வேண்டாம், சாலையிலிருந்தே தெரியும்.

புதுமுகம்:
எனக்கு ஸ்கோப் இல்லை, 8x42 பைனாகுலர் மட்டும்தான். வருகிற பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஏதாவது தெரியுமா, இல்லை காசு சேர்த்து ஸ்கோப் வாங்கிவிட்டுத்தான் போகவேண்டுமா? ராமேசுவரம் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் முதல் பஸ் எப்போது?

வாடைக்காற்று:
பைனாகுலரே போதும், நீர் ஏறுகிற நேரத்துக்கு முன்னாலேயே போய் உட்கார். பஸ்ஸை நம்பினால் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிடும், ஆட்டோ பேசிக்கொள், திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசு. சாயங்காலம் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், அந்த நேரத்தில் வண்டி கிடைக்காது. தண்ணீர் இரண்டு லிட்டர், தொப்பி, மணலில் உட்கார ஒரு பழைய சாக்கு. காற்று எப்படி என்று முதல் நாள் ராத்திரி இங்கே கேள், சொல்கிறேன்.

கரைவலைப்பேரன்:
புதுமுகம் தம்பி, வருவதாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்பு. சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறார், விடியுமுன் வருவார். பறவை இருக்கிறதா இல்லையா என்பது அவர் பொறுப்பில்லை.